தெருப்பாட்டும் இலக்கியமோ?

சென்ற மார்கழி விடுமுறையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்தான். பதினைந்து ஆண்டுகளாகக் கப்பலிலே தொழில் பார்ப்பவன். துறைமுகங்கள் பலவற்றையுங் கண்டவன். இருந்து சுகம் விசாரித்தபின் தன் கைத்தொலைபேசியை என் முன்னே வைத்தான்.

"ஐயா, ஒருக்கா இதைக் கேட்டுப் பாருங்கோ" என்றான்.

கேட்டேன். முழவொலி. ஐம்பது அறுபது பேர் ஒருங்கே அடிக்கின்றார்கள் போலும். கால் நாழிகை பொறுத்திருந்தேன். பாட்டு வந்தபாடில்லை.

"தம்பி, இது வெறும் முழக்கம். பாட்டெங்கே? இலக்கணம் எங்கே?" என்றேன்.

அவன் சிரித்தான். "மூண்டு மேளமும் ஒண்டோடை ஒண்டு கதைக்குது. ஐயாவுக்குக் கேக்கேல்லையோ?" என்றான்.

கேட்கவில்லை என்பதே உண்மை. முப்பது ஆண்டுகளாக யாப்பிலக்கணங் கற்பிக்கின்றேன். ஓசைக்குள் ஒழுங்கு உண்டென்று பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவதே என் தொழில். அவ்வொழுங்கைக் கேட்குஞ் செவி எனக்கு இல்லை என்பதை என்னிடங் கற்றவனே எனக்கு உணர்த்திவிட்டான். அன்று உண்டான நாணம் சில மாதங்கள் என்னைப் படிக்க வைத்தது, கேட்கவும் வைத்தது. அதன் பயனே இக்கட்டுரை. அவன் அம்முழக்கத்தைப் பதிந்துகொண்ட ஊர் மொன்ரேவிடேயோ. உருகுவே நாட்டின் தலைநகர்.

கீழைக் குடியரசு

அந்நாட்டின் முழுப்பெயர் 'உருகுவேயின் கீழைக் குடியரசு' என்பது. உருகுவே ஓர் ஆறு. அதன் கீழ்க்கரையில் அமைந்தமையின் நாடு அப்பெயர் பெற்றது. நாட்டு மக்கள் தம்மைக் 'கீழையர்' என்றுஞ் சொல்லிக்கொள்வர். கீழைத்தேயக் கல்லூரி ஒன்றில் ஆசிரியனாயுள்ள எனக்கு இது சிறிது மகிழ்ச்சி தந்தது. அவர் கிழக்கு வேறு, நம் கிழக்கு வேறு. ஆயினும் அச்சொல்லைப் பெருமையோடு சொல்லும் இன்னொரு கூட்டம் உலகின் மறுகோடியில் உண்டென்பதை நான் அறியாதிருந்தேன்.

நாடு சிறிது. மக்கட்டொகை ஏறத்தாழ 35 இலட்சம். மூவரில் ஒருவருக்கு மேல் தலைநகரிலேயே வாழ்கின்றனர். ஒரு புறம் பிரேசில். மறு புறம் ஆர்ஜென்ரீனா. இரண்டும் பெருநாடுகள். பிளேற் ஆற்றின் அக்கரையிலே புவெனஸ் அயர்ஸ் மாநகரம் இருக்கின்றது. அங்கே பேசும் மொழியும் ஸ்பானியம். இங்கே பேசும் மொழியும் ஸ்பானியம். நூலும் இசைத்தட்டும் திரைப்படமும் தொலைக்காட்சி நாடகமும் அக்கரையிலிருந்து தாமாகவே வந்து இறங்கும். இத்தகைய நாடு 'இது என் குரல்' என்று எதனைக் காட்டும்?

ஏட்டிலக்கியத்தைக் காட்டும் என்று நாம் எண்ணுவோம். அஃதும் அங்கே குறைவின்றி உண்டு. ரொடோ, ஹுவானா இபார்பூரூ, ஒனெற்றி, பெனடெற்றி, கலியானோ என்போரை ஸ்பானிய உலகம் முழுவதும் கற்கின்றது. ஆயினும் அக்கரைக் குரலிலிருந்து இக்கரைக் குரலைப் பிரித்துக் காட்டுவன வேறு இரண்டு. இரண்டும் தெருவிற் பிறந்தவை. ஒன்று கந்தோம்பே, மற்றொன்று மூர்கா.

மூன்று முழவு

கந்தோம்பே அடிமைகளாய் வந்தோர் விட்டுச் சென்ற சொத்து. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொன்ரேவிடேயோத் துறைமுகம் ஆபிரிக்க மக்களை இறக்கி விலை பேசும் துறையாயிற்று. விலங்கோடு வந்தவர் கையிலே கருவி எதுவும் கொண்டு வந்திலர். தாளத்தை நெஞ்சிலே கொண்டு வந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளிலும், மூவரசர் திருநாளாகிய ஜனவரி 6 ஆந் திகதியிலும் கூடி ஆட அவர்க்கு இடங் கொடுக்கப்பட்டது. 1842 ஆம் ஆண்டிலும் 1846 ஆம் ஆண்டிலும் பிறந்த சட்டங்கள் அடிமை முறையை ஒழித்தன. முறை ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. விடுதலை பெற்றோரின் வழிவந்தோர் நகரின் தென்புறத்திலே, பாரியோ சூர், பலெர்மோ என்னும் பகுதிகளிலே, ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல அறைகள் கொண்ட நெருக்கமான கூட்டுமனைகளிற் குடியிருந்தனர். பாரியோ சூர் என்பதைத் தென்சேரி என்று தமிழாக்கலாம். சேரி என்பது பழந்தமிழில் இழிந்த சொல்லன்று என்பதைக் கற்றோர் அறிவர்.

அம்முற்றங்களிலே முழவு வளர்ந்தது. முழவு மூவகை. சிறியது சீக்கோ, நடுவணது ரெப்பீக்கே, பெரியது பியானோ. மேனாட்டுப் பியானோவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றேயன்றிப் பிறிது தொடர்பில்லை. மூன்றும் பீப்பாய் வடிவின. மரப்பலகைகளைச் சேர்த்துச் செய்தவை. ஒரு முகத்தில் மட்டும் தோல் போர்த்தவை. தோளில் வாரிட்டுத் தொங்கவிட்டு, ஒரு கையிற் கோலும் மறு கை வெறுங்கையுமாக நடந்துகொண்டே அடிப்பர். புறப்படுமுன் தெருவோரத்திலே தீ மூட்டுவர். முழவின் முகத்தை அத்தீக்குக் காட்டத் தோல் இறுகும், சுருதி ஏறும். தீயைச் சுற்றி நின்று கதை பேசும் அந்தச் சிறு பொழுதும் அக்கலையின் ஒரு கூறேயாம்.

சீக்கோ நடை மாறாது ஒலிக்கும். பியானோ அடியிலே நின்று தாங்கும். ரெப்பீக்கே இடையே புகுந்து அழைக்கும், வினவும், விலகும். எல்லாவற்றுக்கும் அளவுகோலாக முழவின் மரவுடலிலே கோலால் ஒரு தாளக்குறிப்புத் தட்டுவர். அதற்கு 'மரம்' என்றே பெயர். ஒரு முழவு தனித்து ஒலித்தாற் கந்தோம்பே ஆகாது. மூன்றுங் கூடினாலே ஆகும். என் மாணாக்கன் 'கதைக்குது' என்றது வெறும் உவமையன்று. சீர் நிலைத்து நிற்க அதன்மேற் சொல் புதிது புதிதாய் வருவதே செய்யுள் இன்பம் என்று கற்பிக்கும் எனக்கு, சீக்கோவின் நிலைபேறும் ரெப்பீக்கேயின் புதுமையும் விளங்கியிருக்க வேண்டும். விளங்காதது என் செவியின் குறை. அவர் கலையின் குறையன்று.

சேரிக்குச் சேரி நடை வேறு. குவரெயிம் தெருவாரின் நடை ஒன்று. அன்சினா மனையாரின் நடை ஒன்று. கொர்தோன் பகுதியாரின் நடை ஒன்று. ஒலி தொலைவில் எழும்போதே இன்னார் வருகின்றார் என்று ஊரார் அறிவர். ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தை முழவினால் அழைத்தமையின் அவர்தம் ஊர்வலத்துக்கு 'அழைப்பு' என்பது பெயர். 1956 முதல் அது கார்னிவல் என்னுங் களியாட்டக் காலத்தில் நகரத்தின் உத்தியோக விழாவாகவும் நிகழ்ந்து வருகின்றது.

அரை உலகம்

குவரெயிம் தெரு 1080 ஆம் இலக்கத்திலே ஒரு கூட்டுமனை இருந்தது. 'மேதியோ முந்தோ' என்று அதனை அழைத்தனர். 'அரை உலகம்' என்பது பொருள். உலகத்திற் பாதி அங்கே அடங்கிவிட்டது என்று சொல்லுமளவுக்கு நெருக்கம் போலும். கந்தோம்பே வாழ்ந்த வீடு அது.

கற்றோர் அக்கலையை அறியாதவரல்லர். பேத்ரோ பிகாரி என்பார் (1861–1938) வழக்கறிஞர். அறுபதாம் வயதில், 1921 இல், புவெனஸ் அயர்ஸ் சென்று ஓவியத்துக்கே தம்மை ஒப்படைத்தார். இளமையிற் கண்ட கந்தோம்பே ஆட்டங்களை நினைவிலிருந்து தீட்டினார். அவர் பின் வந்த கார்லோஸ் பாயெஸ் விலாரோ (1923–2014) அரை உலகத்திலேயே ஓவியக்கூடம் வைத்திருந்தார். அங்குள்ளாரின் முழவுகளுக்கும் வண்ணந் தீட்டினார்.

ஓவியம் நூதனசாலைக்குப் போயிற்று. வீடு என்னாயிற்று? 1973 முதல் நாட்டை ஆண்டது பட்டாளத்தாரின் அரசு. கட்டிடம் பழுதுற்றது, ஆபத்தானது என்று அவ்வரசு தீர்மானித்தது. 1978 டிசம்பர் 3 ஆந் திகதி அம்முற்றத்திலே முழவு கடைசி முறையாக ஒலித்தது. பின்னர்க் குடிகள் வெளியேற்றப்பட்டனர், மனை இடிக்கப்பட்டது. அன்சினா மனைகளும் அக்காலத்தில் அதே கதி அடைந்தன. பழுதைத் திருத்தலாமே என்று கேட்கத்தக்க இடம் அப்போது இல்லை.

இனி அடுத்த செய்தியைக் கேளுங்கள். 2006 இல் உருகுவேப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. டிசம்பர் 3 ஆந் திகதி கந்தோம்பேக்கும், ஆபிரிக்க வழிவந்தோரின் பண்பாட்டுக்கும், இனச் சமநிலைக்கும் உரிய தேசிய நாள் ஆயிற்று. 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம் கந்தோம்பேயை மானுட குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அம்முற்றத்திலே முழவு கடைசியாக ஒலித்த நாளே விழா நாளாயிற்று.

இதனை நான் பழித்துச் சொல்லவில்லை. பிழையை மறவாமல் நாட்குறிப்பிற் பதித்த நாடு நல்ல நாடே. ஆயினும் இதிலே நமக்கெல்லாம் ஒரு படிப்பினை இருக்கின்றது. மதிப்பு, கலையைத் தேடிப் பிந்தி வருகின்றது. இடிப்பு முந்தி வந்துவிடுகின்றது. பட்டியலில் ஏறும்போது கலை இருக்கும். அது வாழ்ந்த முற்றம் இருக்காது.

வெளியேற்றப்பட்டோர் நகரின் பல மூலைகளுக்குஞ் சென்றனர். சென்ற இடமெல்லாம் முழவுஞ் சென்றது. இன்று வெள்ளையர் பிள்ளைகளும் தீ மூட்டி முழவு காய்ச்சுகின்றனர். நாட்டின் பிற ஊர்களிலும் அவ்வொலி எழுகின்றது. 'ஆகவே இடித்ததும் நன்மைக்கே' என்று ஒருவர் சொல்லக்கூடும். மரத்தை வெட்டினவன் கைபட்டு விதை சிதறினால், முளைத்த கன்றுக்கு அவனையா வாழ்த்துவது? வீடு இழந்தவர்க்கு வீடு போனது போனதே.

சிலேடை காத்த குரல்

மூர்காவின் கதை வேறு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஸ்பானிய தேசத்துக் காடிஸ் நகரிலிருந்து வந்த நாடகக் குழுவொன்று, கையிற் பொருளின்றி மொன்ரேவிடேயோத் தெருக்களிற் பாடிப் பிழைத்ததென்றும், அடுத்த கார்னிவலில் ஊர் இளைஞர் அவரைப்போல் வேடமிட்டுப் பாடினரென்றும் அங்கே ஒரு கதை வழங்குகின்றது. கதை எதுவாயினும் ஆகுக. அதிலிருந்து வளர்ந்த கலை இது: பதினைந்து பதினேழு பேர், முகமெல்லாம் வண்ணம், கந்தலையும் பட்டையும் கலந்த உடை, பெரு முரசு, சிறு முரசு, தாளம் என்னும் மூன்றே கருவி, முன்னே நின்று கையாட்டும் தலைவன் ஒருவன்.

குரல் சங்கீத வித்துவானின் குரலன்று. மூக்கும் தொண்டையுஞ் சேர்ந்த உரத்த குரல். தெருவிலே பத்திரிகை கூவி விற்ற சிறுவர் குரலின் வழியது என்பர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தெருமுனைவரை கேட்க வேண்டிய தேவை அக்குரலைச் செய்தது.

ஆண்டுதோறும் புதுப்பாட்டு எழுதுவர். மெட்டு பெரும்பாலும் எல்லாருக்குந் தெரிந்த பழைய மெட்டு, சொல் புதிது. முதலில் வருகைப் பாட்டு. நடுவிலே அவ்வாண்டு நிகழ்ந்த செய்திகளை ஒவ்வொன்றாய் எடுத்து நையாண்டி செய்தல். கடைசியில் விடைகொள்ளும் பாட்டு. நையாண்டி முழுவதும் சிரித்தவர் விடைகொள்ளும் பாட்டிலே கண்கலங்குவர். அடுத்த ஆண்டு வருவோம் என்பதே அதன் பொருள். எவர் இருப்பார், எவர் இரார் என்பது பாடுவோர்க்கும் தெரியாது, கேட்போர்க்கும் தெரியாது. கார்னிவல் ஏறத்தாழ நாற்பது நாள் நடக்கும். 'தப்லாதோ' என்னும் தெருமேடை ஒன்றிலே பாடி முடித்து, வண்டியேறி அடுத்த மேடைக்கு ஓடுவர். ஒரே இரவிற் பல மேடை.

பட்டாளத்தார் ஆட்சி 1973 முதல் 1985 வரை நடந்தது. பாட்டெல்லாம் முன்கூட்டியே அதிகாரிகளுக்குக் காட்டப்படல் வேண்டும். அவர்கள் அடித்த வரி அடித்ததே. இந்நிலையில் மூர்காப் பாவலர் கைக்கொண்ட உபாயம் யாது? சிலேடை. ஒரு சொல் அதிகாரிக்கு ஒரு பொருள் தந்தது. மேடைக்குக் கீழ் இருந்தவனுக்கு வேறு பொருள் தந்தது. சொல்லிலே இல்லாததை ஒரு கையசைவு சொல்லிற்று. ஒரு கணத்து மௌனம் சொல்லிற்று. 'அராக்கா லா கானா', 1980 இல் தோன்றிய 'பால்தா இ ரெஸ்தோ' முதலிய குழுக்கள் அவ்வாறு பாடியே புகழ் பெற்றன.

ஆசிரிய நண்பர்களே, நாம் அணியிலக்கணத்திலே சிலேடையைக் கற்பிக்கின்றோம். செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று பெயர் சொல்லி, உதாரணச் செய்யுளை மனனஞ் செய்வித்து, பரீட்சைக்கு அனுப்பிவிடுகின்றோம். அங்கே அச்சிலேடை வாயடைக்கப்பட்ட ஒரு நாட்டுக்கு வாயாக இருந்தது. அணி என்பது செய்யுளுக்கு மேலே பூட்டும் நகை என்று நினைத்திருந்தேன். அது பேச முடியாத காலத்திலே பேசும் வழி என்பதை உருகுவேயின் முகவண்ணக் கூத்தர் எனக்குக் கற்பித்தனர்.

பேசியவர் எல்லாரும் தப்பினர் என்று சொல்வதற்கில்லை. தானியேல் விக்லியெற்றி (1939–2017) என்னும் பாடகர் 1972 இற் சிறைப்பட்டார். பின்னர்ப் பிரான்ஸ் தேசத்திற் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அல்பிரெதோ சித்தரோசா (1936–1989) வானொலி அறிவிப்பாளராயிருந்து பாடகரானவர். தாழ்ந்த கனத்த குரல்; துணைக்குக் கித்தார்களே. நாட்டுப்புறத்து மிலோங்காப் பாட்டை அவர் போலக் கவிதையாக்கியவர் அரியர். அவர் பாட்டுக்குத் தடை விழுந்தது. 1976 இல் நாட்டை விட்டார். ஆர்ஜென்ரீனா, ஸ்பெயின், மெக்சிக்கோ என அலைந்து, 1984 மார்ச் 31 ஆந் திகதி திரும்பி வந்தார். அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் தெருவில் நின்றது. பாடகன் ஒருவனை நாடு அவ்வாறு எதிர்கொள்ளுமாயின், அவன் பாட்டு நாட்டுக்கு யாதாயிருந்தது என்பதை நாம் உய்த்துணரலாம்.

இன்னொன்றும் இங்கே குறிக்கத்தக்கது. இதேயா விலாரின்யோ (1920–2009) அந்நாட்டின் தலைசிறந்த பெண்பாற் கவிஞருள் ஒருவர், இலக்கியப் பேராசிரியர். மெட்டுக்குப் பாட்டெழுதுவது தம் நிலைக்குத் தாழ்வென்று அவர் எண்ணவில்லை. அவர் எழுதிய பாட்டுக்களைச் சித்தரோசாவும், 'லோஸ் ஒலிமாரென்யோஸ்' என்னும் இரட்டையரும் பாடினர். பெனடெற்றி விக்லியெற்றியோடு ஒரே மேடையேறித் தாம் கவிதை சொல்ல, அவர் பாட, இருகுரல் அரங்கு நடத்தினார். அங்கே பண்டிதர் தெருவுக்கு இறங்கி வந்தார் என்று சொல்லத் தோன்றுகின்றது. அவ்வாறு சொல்வது பிழை. தெரு மேட்டிலேதான் இருந்தது. அவர் ஏறிச் சென்றார்.

பெட்டியும் தெருவும்

தொலைக்காட்சி உருகுவேக்கு வந்தது 1956 டிசம்பர் 7 ஆந் திகதி. முழவு ஊர்வலத்தை நகரம் ஏற்றுக்கொண்ட அதே ஆண்டு. அடுத்த ஏழு ஆண்டுகளிலே மேலும் மூன்று அலைவரிசைகள் எழுந்தன; அவற்றுள் ஒன்று அரசினது. சிறிய சந்தையிலே சொந்த நாடகம் செய்வது செலவு. பிற நாட்டு நாடகத்தை வாங்குவது மலிவு. ஆர்ஜென்ரீனாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் நாடகங்கள் வந்து வீட்டுக் கூடங்களை நிறைத்தன. தெருமேடைகளின் தொகையும் காலப்போக்கிற் சுருங்கிற்று. வீட்டிலிருந்தே பார்க்கலாமாயின், மேடைக்கு நடப்பார் யார்?

எனினும் வெள்ளம் ஒரு பக்கமாகவே ஓடவில்லை. 1962 இல் 'தெலெகத்தப்ளும்' என்றொரு நகைச்சுவை நிகழ்ச்சி மொன்ரேவிடேயோவில் தோன்றிற்று. எஸ்பால்தேர், அல்மாதா, தாஞ்சேலோ முதலிய நடிகர் அதிலே நடித்தனர். அந்நிகழ்ச்சி ஆற்றைக் கடந்து புவெனஸ் அயர்ஸையுஞ் சிரிக்க வைத்தது. பெட்டியும் ஒரு மேடைதான். அதில் ஏற்றுவதற்கு நம்மிடம் ஏதேனும் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

உலகப் பெருமேடைகள் சிறு நாட்டை எங்ஙனம் நடத்தும் என்பதற்கு இரு செய்திகள் சொல்வேன்.

முதலாவது, 'லா கும்பர்சீத்தா'. உலகில் மிகவும் அறியப்பட்ட டாங்கோ இசை இதுவே. இதனை ஆக்கியவர் மத்தோஸ் ரொத்ரிகெஸ்; மொன்ரேவிடேயோவிலே கட்டிடக்கலை பயின்ற, இருபது வயதுகூட நிரம்பாத மாணவர். மாணவர் கார்னிவற் குழுவுக்கு அணிநடை இசையாக அமைத்தது அது. 1917 இல் அந்நகரத்துக் காப்பிக்கடை ஒன்றிலே முதன்முதல் இசைக்கப்பட்டது. பின்னர் அக்கரையார் அவரைக் கேளாமலே சொல்லமைத்துப் பாட, அப்பாட்டு உலகெங்கும் பரந்தது. உலகம் அதனை ஆர்ஜென்ரீனாவின் இசை என்றே எண்ணிற்று. 2000 ஆம் ஆண்டுச் சிட்னி ஒலிம்பிக் விழாவிலே ஆர்ஜென்ரீனா வீரர் அவ்விசைக்கு நடந்து வந்தபோது உருகுவே முறைப்பாடு செய்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1998 இல், அவ்விசை உருகுவேயின் பண்பாட்டுக் கீதம் என்று சட்டமியற்றப்பட்டிருந்தது. ஒரு பாட்டுக்காகச் சட்டமா என்று சிரிப்போர் சிரிக்கலாம். பெரியவன் வீட்டில் எதுவுங் களவு போவதில்லை. சிறியவனுக்கே கதவு வேண்டும்.

இரண்டாவது, ஹோர்ஹே திரெக்ஸ்லர். 1964 இற் பிறந்தவர். காது, மூக்கு, தொண்டை வைத்தியராயிருந்து பாடகரானவர். 'மோட்டார்ச் சைக்கிள் நாட்குறிப்பு' என்ற திரைப்படத்துக்கு அவர் ஆக்கிய பாட்டு 2005 இல் ஒஸ்கார் பரிசுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. விழா மேடையில் அதனைப் பாட அவருக்கு இடங் கொடுக்கவில்லை. புகழ்பெற்ற நடிகர் ஒருவரைப் பாட வைத்தனர். பரிசு அவர் பாட்டுக்கே கிடைத்தது. ஸ்பானிய மொழிப் பாட்டொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. மேடையேறிய அவர் நன்றியுரை நிகழ்த்தவில்லை. பக்கவாத்தியம் எதுவுமின்றித் தம் பாட்டிற் சில அடிகளைத் தாமே பாடினார், விடைபெற்று இறங்கினார். கோடிக்கணக்கானோர் பார்த்திருந்த தொலைக்காட்சியிலே அச்சில கணங்கள் அவருக்கே உரியவாயின. மூர்காப் பாடகர் ஒலிபெருக்கி இன்றித் தெருவிற் பாடிய நாட்டுக்காரரன்றோ அவர்!

ஒரு தடை, ஒரு விடை

'பண்டிதரே, தெருப்பாட்டு ஓராண்டுப் பயிர். காப்பியம் ஆயிரமாண்டு மரம். இரண்டையும் ஒரு தட்டில் வைக்கலாமோ?' என்று தடை நிகழ்த்துவார் உளர். நேற்று வரை நானும் அவருள் ஒருவன். விடை இது. மூர்காப் பாட்டுப் பலவும் அவ்வாண்டோடு மறைவது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் புதிதாய்ப் பாடும் வழக்கம் நூறாண்டாக மறையவில்லை. ஏட்டிலே நிலைப்பது ஒருவகை நிலைபேறு; வாயிலே புதுப்பிக்கப்படுவது மற்றொரு வகை நிலைபேறு. நம் தொல்காப்பியனாரும் செய்யுளியலிலே பண்ணத்திக்கு ஓரிடம் வைத்தார். எழுத்திலே ஏறாத பாட்டையும் இலக்கணத்திலே ஏற்றினார். அவர் விட்ட வாயிலை அடைத்தவர் பின்வந்த நாமே.

தெருவிற் பிறந்தது யாவும் சிறந்தது என்றும் நான் சொல்லேன். மூர்காவிற் பெண்குரலுக்கு நெடுங்காலம் இடமில்லை, அது குறையே. போட்டியும் பரிசும் வந்தபின் உடைக்கும் ஒளிக்கும் செலவு மிக, சொல்லின் கூர்மை மழுங்கும் ஆபத்தும் உண்டு. நல்லது தீயது ஆராயத்தான் நாம் கற்றிருக்கின்றோம். ஆனால் ஆராய்வதற்கு முன் கேட்க வேண்டும். கேளாமலே தள்ளுவது ஆராய்ச்சியன்று, சோம்பல்.

ஹோவாக்கின் தொர்ரெஸ் கார்சியா (1874–1949) என்ற உருகுவே ஓவியர், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1934 இல் ஊர் திரும்பினார். 1943 இல் ஒரு படம் வரைந்தார். தென்னமெரிக்காவைத் தலைகீழாய் வரைந்த தேசப்படம். தென்முனை மேலே, தம் நாடும் மேற்புறத்தில். கோடுகள் சில, அவ்வளவே. நம் திசைகாட்டி நம் தெற்கையே நோக்குக என்பது அவர் கருத்து. மேலே இருப்பது உயர்ந்தது, கீழே இருப்பது தாழ்ந்தது என்று தேசப்படம் நமக்குச் சொல்லவில்லை. தாளைப் பிடித்தவன் கை சொல்லிற்று. இலக்கியத்திலே மேல், கீழ் என்று நாம் வகுத்த கோடுகளும் அத்தகையனவோ என்று நான் ஐயுறுகின்றேன்.

முடிவாக ஒன்று. அன்று என் மாணாக்கன் புறப்படும்போது படலையடியில் நின்று ஒரு பழங்கதை சொன்னான். எட்டாம் வகுப்பிலே 'என் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேனாம். அவன் தன் ஆச்சி பாடும் அருவிவெட்டுப் பாட்டை அவள் வாயாற் கேட்டு, இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தானாம். நான் குறுக்கே சிவப்பு மையாற் கோடிழுத்து, 'கொச்சை. திருத்துக' என்று எழுதினேனாம். எனக்கு அது நினைவில்லை. அவனுக்கு நினைவிருக்கின்றது.

"ஆச்சி இருக்கிறாவோ, தம்பி?" என்று கேட்டேன்.

"அவ மோசம்போய்ப் பத்து வரியம், ஐயா."

"அந்தக் கொப்பி?"

"அது எங்கை போச்சோ தெரியாது."

அவன் முகத்திலே கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அரை உலகத்தை இடித்தவர் பட்டாளத்தார். அவர் கையில் இயந்திரம் இருந்தது. என் கையில் இருந்தது ஒரு சிவப்பு மைப் பேனை. பழுதுற்றது, திருத்துக என்றே இருவருஞ் சொன்னோம்.

இந்தத் தவணையிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கின்றேன். வீட்டிலே முதியவர் வாயில் உள்ள பாட்டு ஒன்றை, அவர் சொன்னபடியே, ஓர் எழுத்தும் திருத்தாமல் எழுதி வருக என்பது. இதுவரை பதினொரு பாட்டு வந்திருக்கின்றன. அவற்றின்மேல் நான் மை தொடவில்லை. என்னோடொத்த ஆசிரியர்களும் இவ்வாறு செய்வார்களாயின், நம் பேரப்பிள்ளைகள் இடிந்த நாளை விழாவாகக் கொண்டாட வேண்டியதில்லை.